அசுவினிக் கூட்டத்துக்குள் இருக்கும் புழு: வெள்ளி ஈ குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அவரையின் கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கருப்பு அசுவினி அப்பிக்கொள்ளும்போது, அதன் நடுவே சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்று மெல்ல ஊர்ந்து செல்வதைக் காணலாம். அதையும் பயிரைக் கெடுக்கும் புழு என்று எண்ணி நசுக்குவதே முதல் தவறு. அது வெள்ளி ஈயின் புழுவாகவோ, பூக்களின் மேல் அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்பிட் ஈயின் புழுவாகவோ இருக்கக்கூடும். வெள்ளி ஈக்கள் கமேமையிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த, சாம்பல் நிறத்தில் வெள்ளிபோல் மினுங்கும் மிகச் சிறிய ஈக்கள். அவற்றின் புழுக்கள் அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகியவற்றைத் தின்றே வளர்கின்றன.

இனம் காண்பது கடினமன்று. இலையையும் காயையும் தின்னும் புழுக்களுக்குத் தெளிவான தலையும் கால்களும் உண்டு. ஈயின் புழுவுக்குக் கால்கள் இல்லை. தலையும் தனித்துத் தெரியாமல் முன்பக்கம் கூம்பியிருக்கும். வெள்ளி ஈயின் புழுவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், வால்முனையில் சுவாசத் துளைகளைத் தாங்கிய இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அருகில் சாறு உறிஞ்சப்பட்டுச் சுருங்கிய அசுவினித் தோல்கள் கிடந்தால் ஐயமே வேண்டியதில்லை. மாந்தோப்பில் காணும், புழுப் பருவம் கடந்த வெள்ளி ஈயைப் பழ ஈ என்று கருதுவதும் தவறு. பழ ஈ ஏறக்குறைய வீட்டு ஈயின் அளவில், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். காயைத் துளைத்து முட்டையிடும். வெள்ளி ஈயோ அசுவினியும் மாவுப்பூச்சியும் வெளியேற்றும் இனிப்புக் கழிவை உண்ணவும், அக்கூட்டங்களிடையே முட்டையிடவுமே வருகிறது.

பெருங்கேடு விளைவிப்பது அவசரத் தெளிப்பு. நான்கு செடிகளில் அசுவினியைக் கண்டதும் வயல் முழுவதும் இமிடாகுளோபிரிட், டைமெத்தோயேட் போன்ற மருந்துகளை அடித்தால், பூச்சியோடு அதைத் தின்பவையும் மடிகின்றன. அசுவினி கருவுறாமலே குட்டிகளை ஈன்று சில நாட்களில் பெருகிவிடும். இரை இருந்தால்தான் வரும் ஈக்கள் திரும்புவதற்குக் காலம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பூச்சி முன்னிலும் மிகுவதை மருந்தின் தரக்குறைவு என்று எண்ணி மறுபடியும் அடிப்பவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலிருந்து வெளியிடத் தொடங்கிய, அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் இதே ஆபத்து உண்டு. அதிகம் தாக்குண்ட கொழுந்துகளை மட்டும் கிள்ளி அழிப்பதும், தேவைப்பட்டால் அந்தச் செடிகளுக்கு மட்டும் தெளிப்பதும் போதும். கிள்ளுமுன் அக்கொழுந்தில் புழுக்கள் உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானது, ஆகவே எவ்வளவு தெளித்தாலும் கேடில்லை என்பதும் சரியன்று. எண்ணெயும் சோப்பும் மேலே பட்டால் மென்மையான உடல் கொண்ட இப்புழுக்களும் சாகும். எறும்பைக் கவனியாமல் விடுவதும் கூடாது, ஏனெனில் இனிப்புக் கழிவுக்காக அது அசுவினியைக் காத்து, இயற்கை எதிரிகள் பலவற்றை விரட்டுகிறது. மறுபுறம், இந்த ஈக்கள் தக்காளிக் காய்ப்புழுவையும் அடக்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சாறு உறிஞ்சும் மென்பூச்சிகளே அவற்றின் இரை. சிர்பிட் ஈக்களுக்கு மகரந்தமும் தேனும் தேவை என்பதால், வரப்போரம் கொத்தமல்லியைப் பூக்க விட்டு வைப்பது நல்லது.