சதுப்பில் நிற்கும் காட்டு ஜாதிக்காய் மரம்: பிளெண்டரில் வேரிலிருந்து தொடங்குவோம்

பெங்களூருக்கு கிராஃபிக்ஸ் வேலைக்கு வந்த புதிதில், ஒரு காட்டுக் காட்சிக்கு மரம் செய்து கொடுத்தேன். பார்த்த சீனியர் அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இது மாமரம்." அவர்கள் கேட்டிருந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரம். நானோ மென்பொருள் தானாக முளைக்க வைத்த மரத்தில் இலையை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருந்தேன்.

அந்தத் தவறை நீங்கள் செய்யாமலிருக்க, முப்பரிமாணக் காட்சிகள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் செய்து பார்க்க ஓர் அரிய மரத்தை எடுத்துக்கொள்வோம். மிரிஸ்டிகா மேக்னிஃபிகா. சமையலறை ஜாதிக்காயின் காட்டு உறவு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராது, அழியும் ஆபத்தில் உள்ள இனம். ஓடையோரச் சதுப்பில்தான் நிற்கும். அந்தச் சதுப்புகளில் பலவற்றை நெல்லுக்கும் பாக்குக்கும் திருத்திவிட்டார்கள். இங்கே கர்நாடகத்தில் சித்தாபுர வட்டத்துக் கத்தலெகானில் மிச்சம் இருக்கிறது. கன்னடத்தில் கத்தலெ என்றால் இருட்டு. கான் நம் கானகத்தின் கான்தான். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், வெளிச்சம் வைக்கும்போது தேவைப்படும்.

பிளெண்டரில் சாப்ளிங் என்ற மர ஆட்-ஆன் (கூடுதல் கருவி) இருக்கிறது. வெபர், பென் என்ற இருவர் கணினியில் மரம் உருவாக்குவது பற்றி 1995இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வழியில் அமைந்தது. நல்ல கருவி. ஆனால் இந்த மரத்துக்கு ஒத்துவராது; அதற்கு முட்டுவேர் போடத் தெரியாது. ஆகவே கையால் செய்வோம்.

முதலில் தண்டு. அளவு மீட்டரில் இருக்கட்டும். ஒரு பெசியர் கர்வை (வளைகோட்டை) நிமிர்த்தி 22 மீட்டர் உயரத்துக்கு இழுங்கள். கர்வ் அமைப்பில் பெவல் டெப்த் 0.25 என்று வைத்தால் அரை மீட்டர் தடிமன் வரும். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளியையும் தேர்ந்து ஆல்ட்-எஸ் அழுத்திச் சுருக்குங்கள். இந்த மரத்தின் தண்டு பெரும்பாலும் நேராகவே போகும், சும்மா வளைக்க வேண்டாம்.

அடுத்தது வேர். அவசரப்படாதீர்கள், மரத்தின் அடையாளமே இங்கேதான் இருக்கிறது. சதுப்புச் சேற்றில் காற்று புகாது. மண்ணும் பிடிமானம் தராது. அதனால் தண்டின் அடிப்பகுதியிலிருந்து வேர்கள் வெளியே கிளம்பி, வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். இடுப்பு உயரத்திலிருந்து கணுக்கால் உயரம் வரை வெவ்வேறு இடங்களில் தொடங்கி 15 முதல் 20 கர்வ் வரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் தொடங்கினால் குடைக்கம்பி மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வேர்கள் பாதி வழியில் கிளைக்கட்டும். ஒன்றிரண்டு பக்கத்து வேரில் மோதி ஒட்டிக்கொள்ளட்டும்.

இப்போது ஒட்டுவேலை. தண்டின் அடி 2 மீட்டரை மட்டும் தனிக் கர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் வேர்களுக்கும் ஃபில் கேப்ஸ் டிக் செய்து, முகங்களாலான மெஷ்ஷாக மாற்றி, கன்ட்ரோல்-ஜே போட்டு இணையுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே தோலாகப் பின்னும் ரீமெஷ் மாடிஃபையரில் வாக்ஸல் (சிறு கட்டம்) அளவு 0.02. அதாவது 2 சென்டிமீட்டர். அதைவிட மெல்லிய வேர் நுனி காணாமல் போகும், ஆகவே நுனியை 4 சென்டிமீட்டருக்குக் கீழே குறைக்காதீர்கள், சேற்றுக்குள் புதைத்துவிடுங்கள். முனை மூடாத கர்வை ரீமெஷ் செய்தால் பொத்தல் விழும். எனக்கு ஒரு மாலை முழுக்க இதில்தான் போனது. முழு மரத்துக்கும் ரீமெஷ் போட்டால் லேப்டாப் விசிறி ஹெலிகாப்டர் ஆகிவிடும்.

ரீமெஷ் செய்தால் யூவி, அதாவது படம் உருவத்தின் மேல் எங்கே ஒட்டும் என்ற குறிப்பு, அழிந்துவிடும், பயப்பட வேண்டாம். பட்டைப் படத்தை இமேஜ் டெக்ஸ்சர் நோடில் ஃபிளாட்டுக்குப் பதில் பாக்ஸ் என்று மாற்றி, பிளெண்ட் 0.2 கொடுத்து, ஆப்ஜெக்ட் ஆயத்தொலைவுகளோடு இணைத்தால் போதும்.

கிளைகளுக்கு வருவோம். ஜாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் விட்டுவிட்டு வளரும்: தண்டு கொஞ்சம் நீளும், நின்று ஒரு வட்டம் கிளைகளைக் கிடைமட்டமாக விரிக்கும், மறுபடி நீளும். ஹாலே, ஓல்டெமான் என்ற இரு தாவரவியலாளர்கள் 1970இல் வெப்பமண்டல மரங்களை வடிவப்படி வகைப்படுத்தியபோது இதற்கு மாசார் மாதிரி என்று பெயர் வைத்தார்கள். அடுக்குத் தீபத்தைக் கற்பனை செய்யுங்கள். ஓர் அடுக்குக்கு 4 அல்லது 5 கிளை. அடுக்குகளின் இடைவெளி ஒரே சீராக வேண்டாம். அடியில் உள்ள அடுக்குகளை வெட்டிவிட்டு, இடையிலும் ஒன்றிரண்டு கிளைகளை உடைத்துவிடுங்கள்.

காட்டுக்கு ஓடத் தேவையில்லை. ஜாதிக்காய் மரத்தைத் தோட்டத்தில் பார்த்தாலே கிளையமைப்பு பிடிபடும். பெங்களூரிலேயே இருப்பவர்கள் லால்பாக்கில் உள்ள பெரிய இலவ மரத்தடியில் அரை மணி நேரம் உட்காருங்கள். அதன் வேர் வேறு வகை, பலகை பலகையாக எழும்பும். ஆனாலும் தண்டும் வேரும் சேரும் இடத்தில் வளைவு எப்படி ஓடுகிறது என்று கற்க அதைவிட நல்ல வாத்தியார் ஊருக்குள் இல்லை.

இலை பெரியது, ஓர் அடிக்கு மேலும் போகும். ஒரு பிளேனை இலை வடிவில் 12 முகங்களுக்குள் வெட்டி, நடுநரம்பில் லேசாக மடித்து, நுனியைத் தொங்கவிடுங்கள். சதுரத் தாளில் இலைப் படத்தை ஒட்டி ஓரத்தை மறைக்கும் ஆல்ஃபா முறையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. பிளெண்டரில் இறுதிப் படத்தைக் கணக்கிடும் சைக்கிள்ஸில் ஓர் ஒளிக்கதிர் ஊடுருவும் ஒளிபுகும் பரப்புகளின் எண்ணிக்கை வழக்கமாக 8தான். இலைகள் அடுக்கடுக்காக வந்தால் கருப்புத் திட்டு விழும். நிறத்துக்குப் பிரின்சிபிள்டு ஷேடருடன் ஒளியைக் கசியவிடும் டிரான்ஸ்லூசன்ட் ஷேடரையும் கொஞ்சம் கலந்தால் பின்வெளிச்சத்தில் இலை உயிர்பெறும்.

கிளையின் இரு பக்கமும் மாறி மாறி, ஒரே தளத்தில் இலைகள் வரும். 10 இலை கொண்ட ஒரு சிறு கொத்தை முதலில் கையால் செய்யுங்கள். பிறகு ஜியோமெட்ரி நோட்ஸில் கிளைக் கர்வுக்கு கர்வ் டு பாயிண்ட்ஸ் நோட் போட்டு, அதிலிருந்து வரும் ரொட்டேஷனை இன்ஸ்டன்ஸ் ஆன் பாயிண்ட்ஸுக்குக் கொடுத்துக் கொத்தைப் பரப்புங்கள். ஒவ்வொரு நகலையும் தனி உருவமாக்கிவிடும் ரியலைஸ் இன்ஸ்டன்ஸஸ் பக்கமே போகாதீர்கள். கணக்குப் பாருங்கள்: 5,000 இலை, இலைக்கு 12 முகம், ஒரு மரத்துக்கு 60,000. 40 மரம் என்றால் 24 லட்சம். இன்ஸ்டன்ஸாக (நகலாக) இருக்கும்வரை நினைவகத்தில் இருப்பது ஒரே ஒரு கொத்துதான்.

சரி, வெளிச்சம். சூரியனை முழுசாகக் கொட்டினால் பெங்களூரின் கப்பன் பார்க் ஆகிவிடும். மேலே நெருக்கமாக இலைக்கூரை போட்டு, மங்கலான வான வெளிச்சம் மட்டும் விடுங்கள். ஒரு கீற்று வெயில் வேரில் விழட்டும். அடியில் தண்ணீர் ஓடைபோலப் பளிச்சிட வேண்டாம். அழுகிய இலை மிதக்கும் பழுப்பு நிறம் போதும். பட்டையைக் கீறினால் இந்த மரத்தில் சிவப்புச் சாறு வடியும். காட்சியில் வெட்டுக்காயம் இருந்தால் மறக்காதீர்கள்.

ரெண்டருக்கு (இறுதிப் படமாக்கலுக்கு) முன் இலைகளை மறைத்து, வேரும் கிளையும் மட்டும் தெரியும்படி 25 சதவீத அளவில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மரம் இன்னதென்று தெரிந்தால்தான் இலையைத் திறக்கலாம். அசையும் காட்சி என்றால் வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக ஒவ்வொரு ஃபிரேமையும் சேமியுங்கள். அல்சூரில் நான் இருக்கும் தெருவில் மே மாத மழைக்கு ராத்திரி 2 மணிக்கு, ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. இலவு காத்த கிளியாக விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதுவரை வந்திருந்த 140 படங்களும் பத்திரமாக இருந்தன. காலையில் 141இலிருந்து ஓட்டினேன்.