'விலையுயர்ந்த' என்னும் சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது எப்படி?

வாங்குவதற்கு மிகுந்த பணம் தேவைப்படும் பொருளைக் குறிக்க எழுத்துத் தமிழில் 'விலையுயர்ந்த' என்னும் சொல் வழங்குகிறது. தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் பின்வரும் வரிசையில் இதனைப் பழகலாம்.

படி 1: பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான பிழைகள் இங்குதான் நேர்கின்றன. விற்கவும் வாங்கவும் கூடிய பொருளுக்கே விலை உண்டு என்பதால், 'விலையுயர்ந்த கைக்கடிகாரம்', 'விலையுயர்ந்த கேமரா' ஆகியவை இயல்பான தொடர்கள். சேவைக்குத் தருவது கட்டணம். குடியிருப்பதற்குத் தருவது வாடகை. உழைப்புக்குத் தருவது கூலி. ஆகவே 'விலையுயர்ந்த வாடகை' என்று எழுதாமல் 'அதிக வாடகை' என்றும், 'விலையுயர்ந்த பயணம்' என்று எழுதாமல் 'செலவு மிகுந்த பயணம்' என்றும் எழுத வேண்டும். மொழிபெயர்ப்புகளில் தென்படும் 'விலையுயர்ந்த தவறு' என்பது தமிழ்க் காதுக்குச் சற்றும் ஒட்டாது; 'பெரும் இழப்பை உண்டாக்கிய தவறு' என்றால்தான் பொருள் விளங்கும்.

படி 2: சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பாருங்கள்

'விலை' என்பதன் இறுதியிலுள்ள ஐகாரத்தை ('ஐ' ஒலியை) அடுத்து உயிரெழுத்து வருவதால், அவ்விரண்டையும் இணைக்கும் 'ய்' என்னும் மெய் (யகர உடம்படுமெய்) இடையே தோன்றி 'விலையுயர்ந்த' என்றாகிறது. 'தங்கம் விலையுயர்ந்தது' என்பது தங்கத்தின் தன்மையைச் சொல்ல, 'தங்கத்தின் விலை உயர்ந்தது' என்பது முன்பிருந்த விலை கூடிவிட்ட செய்தியைச் சொல்கிறது. வெங்காயத்தின் விலை ஒரு வாரம் உயர்ந்துவிட்டது என்பதற்காக வெங்காயம் விலையுயர்ந்த பொருளாகிவிடாது.

படி 3: பேசும்போது மாற்றிக்கொள்ளுங்கள்

பேச்சில் 'விலை அதிகம்', 'விலை ஜாஸ்தி', 'காஸ்ட்லி' ஆகியவையே வழக்கு. கடைக்காரரிடம் 'இது விலையுயர்ந்த பொருள்' என்றால் அது பாராட்டாகவே ஒலிக்கும். பேரம் பேச உதவாது! 'யானை விலை, குதிரை விலை சொல்கிறார்கள்' என்பது மிகையான விலையைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் வழக்கு. 'கொள்ளை விலை' என்பதோ விற்பவரையே குற்றம் சாட்டுவதால், அவர் முகத்துக்கு நேரே அதனைச் சொல்லாதிருப்பது நல்லது.

படி 4: அருகிலுள்ள சொற்களைப் பிரித்தறியுங்கள்

'மதிப்பற்ற' என்றால் பயனற்றது. ஆனால் 'விலைமதிப்பற்ற' என்றால் எந்த விலையாலும் அளவிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. நட்பையும் நேரத்தையும் போற்ற இச்சொல் பொருந்தும். எதிர்ச்சொல்லாக 'மலிவான' என்பதைப் பயன்படுத்தும்போது, தரக்குறைவு என்ற சாயலும் சில இடங்களில் அதனுடன் சேர்ந்து வரக்கூடும். விலையை மட்டுமே சொல்ல விரும்பினால் 'விலை குறைந்த' என்று எழுதுங்கள்.