பிரெஞ்சு ஷாத்தோ எஸ்டேட்டில் குடும்பத்தோடு ஒரு வாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சில் பழைய ஷாத்தோக்களை, அதாவது பிரபுக்களின் பெரிய மாளிகைகளை, சுற்றியிருந்த குதிரை லாயம், தோட்டக்காரர் வீடு, தானியக் களஞ்சியம் எல்லாவற்றையும் பழுதுபார்த்து வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே அதற்கு 'ழீத்' என்று பெயர். சமையலறையோடு முழு வீடு, வாசலைத் தாண்டினால் புல்வெளி, காடு, குளம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போவதற்கு இதைவிட நல்ல விடுமுறை எனக்குத் தெரியாது. ஆனால் ஹோட்டல் புக் செய்கிற பழக்கத்திலேயே இதையும் புக் செய்துவிட்டுப் போனால் முதல் நாளே திண்டாட வேண்டியிருக்கும், நாங்கள் திண்டாடினோம்.

முதல் தவறு படத்தைப் பார்த்து மயங்குவது. விளம்பரத்தில் முதலில் வருவது ஷாத்தோவின் படம், அதில் பெரும்பாலும் உரிமையாளர் குடியிருப்பார், உங்களுக்குக் கிடைக்கப்போவது தள்ளியிருக்கும் லாயம். அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பூங்காவில் எதுவரை நடக்கலாம், நீச்சல் குளம் உங்களுக்கு மட்டுமா அல்லது நான்கு வீடுகளுக்குப் பொதுவா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 1955-இல் தொடங்கிய 'ழீத் து பிரான்ஸ்' அமைப்பு வீடுகளுக்கு ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல ஒன்று முதல் ஐந்து கதிர் வரை தரம் கொடுக்கிறது. அது வசதிகளுக்கான தரம், உங்கள் அப்பாவின் முழங்கால் வலி அதற்குத் தெரியாது. பழைய வீடுகளில் படுக்கையறைகள் மாடியில் இருக்கும், ஏறுவதற்குத் தேய்ந்துபோன கல் படிக்கட்டு, சில இடங்களில் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு கயிறு. பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கீழேயே ஒரு படுக்கையறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது, விமான டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு வீட்டை அப்புறம் தேடுவது. ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலான வீடுகள் சனி முதல் சனி வரைதான். திங்கட்கிழமை போய் இறங்கினால் இரண்டு ராத்திரி வாடகை வீண். மே, ஜூன், செப்டம்பரில் மூன்று நான்கு இரவுகளுக்கும் பல இடங்களில் கொடுப்பார்கள், வாடகையும் குறைவு.

இப்போது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்கள் விடுமுறை தடுமாறியது அங்கேதான். வழியில் அங்கங்கே நிறுத்தி எட்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். கிராமத்து பேக்கரி மூடியாயிற்று. வீட்டுக்குள் மெத்தைகள் மேல் கம்பளி அழகாக மடித்து வைத்திருந்தது, விரிப்பு இல்லை, துண்டும் இல்லை. பல ழீத்களில் இவை வாடகையில் சேராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது நாமே கொண்டுபோக வேண்டும், ஒப்பந்தத்தில் அது ஒரு வரியாக இருந்ததை நாங்கள் படிக்கவில்லை. அம்மாவின் இரண்டு பருத்திப் புடவைகளை விரித்துத்தான் குழந்தைகளைப் படுக்க வைத்தோம். மறுநாள் ஞாயிறு, கிராமப்புற சூப்பர்மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மதியத்தோடு மூடிவிடும், பல சின்னக் கடைகளுக்குத் திங்களும் விடுமுறை. உணவகங்களிலும் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான், இரண்டரைக்குப் பசியோடு நிற்கும் பிள்ளையைக் காட்டினாலும் அடுப்பை மறுபடி மூட்ட மாட்டார்கள். அதனால் சனிக்கிழமையே, வீட்டுக்குப் போகும் வழியில், மூன்று நாள் சாமான் வாங்கிவிடுங்கள். பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேலில் உள்ள தமிழ்க் கடைகளில் பருப்பு, கறிவேப்பிலை, மசாலா எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அடுப்பு எது என்று கேளுங்கள், இண்டக்‌ஷனாக இருந்தால் சாதாரண அலுமினிய குக்கர் வேலை செய்யாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிரான்சில் 2003-இல் வந்த சட்டப்படி, தரையில் பதித்த நீச்சல் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, மேற்கூரை இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். நாங்கள் தங்கிய இடத்தில் கேட் வைத்த வேலி இருந்தது, சரி. ஆனால் தட்டு, தண்ணீர் ஜக், பழம் என்று கையில் இருந்ததால் யாரோ அந்தக் கேட்டுக்கு ஒரு செருப்பை முட்டுக்கொடுத்து வைத்தார்கள், பெரியவர்கள் ஆறு பேர் சுற்றியிருந்தும் அக்காவின் மூன்று வயதுப் பையன் உள்ளே போனதை ஒருவரும் பார்க்கவில்லை. குளத்தின் ஓரத்தில் குந்தியபடி இலையை மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காட்சி இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. இன்னொன்று, அந்தச் சட்டம் நீச்சல் குளத்துக்குத்தான், அகழிக்கும் மீன் குளத்துக்கும் ஓடைக்கும் கிடையாது. பழைய எஸ்டேட்டில் இவை வேலியில்லாமல் கிடக்கும். போன உடனே பெட்டியைத் திறக்காமல் முதலில் எல்லோருமாக ஒரு சுற்று நடந்து தண்ணீர் எங்கெங்கே என்று பார்த்துவிடுங்கள், குளத்தருகே யாருடைய முறை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கார் இல்லாமல் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அவர்களுக்கேற்ற சீட் கட்டாயம்.

பக்கத்தில் இருக்கும் ஷாத்தோவையெல்லாம் ஒரே வாரத்தில் முடிக்க நினைப்பதும் தவறுதான். லுவார் பள்ளத்தாக்கில் தங்கினால் அந்த ஆசை வரும். 1519-இல் கட்டத் தொடங்கிய ஷாம்போர் ஷாத்தோவைச் சுற்றியிருக்கும் மதில் மட்டும் 32 கிலோமீட்டர், அந்த ஒரு ஷாத்தோவுக்கே அரை நாள் வேண்டும். அங்கே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டு இருக்கிறது, ஒருவர் இதிலும் மற்றவர் அதிலும் ஏறினால் நடுவில் உள்ள திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், சந்திக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் அதிலேயே ஒரு மணி நேரம் ஓடினார்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும், நடுவே ஒரு நாள் எங்கும் போகாமல் இருங்கள். ஜூன் கடைசியில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அந்தப் பொழுதுக்குத்தானே இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, டெபாசிட். வந்த அன்றே சாமான் பட்டியலை எடுத்து கரண்டி வரை எண்ணுங்கள், ஏற்கெனவே கீறல் விழுந்ததைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். கண்ணாடி டம்ளர் உடைந்தால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் செப்டிக் டேங்க்தான், ஈரத் துடைப்புத் தாள் ஒன்றைக்கூடக் கழிப்பறையில் போடக்கூடாது. வாடகைக்கு மேல் ஒரு சுற்றுலா வரி வரும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கிடையாது. கிளம்பும்போது சுத்தம் செய்வது நம் பொறுப்பா, காசு கொடுத்தால் போதுமா என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நம் பொறுப்பு என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரியே பெட்டி கட்டி, அடுப்பைத் துடைத்துவிடுங்கள், காலை பத்து மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும், அடுத்த குடும்பம் ஏற்கெனவே வழியில் இருக்கும்.