புக் இல்லாத வெளிநாட்டு மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்வது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆர்.சி. புக் இல்லாத வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும், நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் நேராக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், வாசலில் நிற்கும் ஏஜென்டிடம் "இதுக்குப் புக் போட முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும் என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பல மாதங்கள் கழித்து வேறு ஏதோ ஒரு வண்டியின் புக்கைப் பெற்று வருகிறார்கள். அது பதிவு ஆகாது, குற்றம் ஆகும். இல்லாத ஆவணத்தை யாராலும் புதிதாக உண்டாக்கித் தர முடியாது. அந்த வண்டிக்கு முன்பு எங்கேயோ எழுதப்பட்ட பதிவையோ சுங்க ஆவணத்தையோ தேடி எடுத்து, அதன் தொடர்ச்சியாகத்தான் இன்றைய பதிவைப் பெற முடியும். ஆகவே முதல் வேலை தேடுவது. அலுவலகத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

தக்கலைக்கு அருகே என் பெரியப்பா வீட்டு விறகுப்புரையில் பல ஆண்டுகள் ஓலைக்கும் சிரட்டைக்கும் அடியில் கிடந்த பி.எஸ்.ஏ. எம் 20 என்ற பிரிட்டிஷ் வண்டி ஒன்றுக்காக நான் அலைந்த அலைச்சலில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: வண்டியில் உள்ள எண்களை எடுங்கள்

சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகிய இரண்டும் உறுதியாகத் தெரியாமல் ஒரு விண்ணப்பம்கூட எழுத முடியாது. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் சேஸிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியிலும், எஞ்சின் எண் சிலிண்டருக்குக் கீழே கிராங்க்கேஸின் இடப்பக்கத்திலும் கொத்தப்பட்டிருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் நின்ற வண்டி என்றால், உப்புக் காற்று அந்த எழுத்துகளைத் துருவால் மூடியிருக்கும் என்பதை எதிர்பார்த்தே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண் இருக்கும் இடத்தில் சுற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் பெயின்ட் தூளும் துருவும் உதிரும். உப்புத்தாளையும் கிரைண்டரையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, ஏனென்றால் எண்ணைச் சுற்றி இரும்பு பளபளத்தால், பார்க்கும் அதிகாரிக்கு முதலில் தோன்றுவது யாரோ எண்ணை அழித்துத் திருத்தியிருக்கிறார்கள் என்ற ஐயம்தான். எழுத்துகள் தெரியத் தொடங்கியதும், மெல்லிய வெள்ளைத் தாளை அதன் மேல் அசையாமல் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேயுங்கள். கொத்திய குழிகள் வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருப்பாகவும் பதியும். இதையே பென்சில் பிரிண்ட் என்கிறோம். குறைந்தது ஆறு பிரதிகள் எடுத்து வையுங்கள்.

எங்கள் வண்டியில் முதல் நாள் "எம் 20" மட்டுமே தெரிந்தது. மூன்றாம் நாள்தான் அதற்கு முன்னால் "டபிள்யூ" என்ற ஆங்கில எழுத்து மங்கலாக எழுந்து வந்தது. அந்த ஓர் எழுத்து, வண்டி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அந்த வகை வண்டிகளில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஒன்றாக இருக்காது. தொழிற்சாலையிலேயே அப்படித்தான் என்பதால் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

1981க்குப் பின் வந்த வண்டிகளில் பொதுவாக 17 இடங்கள் கொண்ட எண் இருக்கும். அதன் முதல் எழுத்து செய்த நாட்டைக் குறிக்கும்: ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ என்றால் ஜெர்மனி, இசட் என்றால் இத்தாலி, இந்தியாவில் செய்தவை எம் என்று தொடங்கும். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் இந்த 17 இடங்களில் வரவே வராது. ஆகவே ஓ போலத் தெரிவது பூச்சியம்தான். இதைத் தவறாக எழுதி விண்ணப்பம் திரும்பி வருவது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாம் படி: வண்டி உண்மையிலேயே இறக்குமதி ஆனதா?

"லண்டன் புல்லட்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆனால் 1955இல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, புல்லட்டுகள் இங்கேயே பாகம் பாகமாகப் பூட்டி உருவாக்கப்பட்டு, பின்னர் திருவொற்றியூரில் செய்யப்பட்டன. ஜாவாவும் 1960களின் தொடக்கத்திலிருந்து மைசூரில் உற்பத்தியானது. இந்தியாவில் செய்த வண்டிக்குச் சுங்க ஆவணம் என்ற பேச்சே எழாது, கட்டணமும் குறைவு.

மூன்றாம் படி: பழைய பதிவு எண்ணைத் தேடுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, இதற்குத்தான் பொறுமையும் அதிகம் வேண்டும். இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஓடிய வண்டி எதுவும் பதிவில்லாமல் ஓடியிருக்க வாய்ப்பு குறைவு. புக் தொலைந்திருக்கலாம், ஆனால் அலுவலகப் பேரேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எட்ட ஓர் எண் வேண்டும்.

நம்பர் பிளேட் இல்லை என்றால், முன் மட்கார்டில் பல அடுக்குப் பெயின்டுக்கு அடியில் பழைய எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வட்ட வடிவ வரி டோக்கன் வைக்கும் தகரக் கூடு இருந்தால் பிரித்துப் பாருங்கள். வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய காப்பீட்டுச் சான்று கிடைத்தால் அதில் பதிவு எண்ணோடு எஞ்சின் எண்ணும் இருக்கும். எங்களுக்கு உதவியது இவை எதுவும் இல்லை. அத்தையின் கல்யாணத்தன்று எடுத்த ஒரு கருப்பு வெள்ளைப் புகைப்படத்தில், பந்தல் காலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கே.எல்.டி. (KLT) என்ற எழுத்துகளும் கடைசி மூன்று எண்களும் தெரிந்தன.

நம் மாவட்டத்தின் வரலாறு இந்தத் தேடலில் நேராகக் குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம் என்பதால், அதற்கு முற்பட்ட பதிவு திருவனந்தபுரத்தில் நடந்திருக்கலாம். அதற்குப் பிறகும் நம்மவர்கள் திருவனந்தபுரத்தில் வண்டி வாங்குவது நிற்கவில்லை. கே.எல்.டி. என்பது திருவனந்தபுரத்தின் பழைய வரிசை, டி.என்.கே. நம் மாவட்டத்தின் பழைய வரிசை, டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம். எந்த வரிசையோ, அந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

முழு எண்ணும் கிடைத்தால் முதலில் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையதளத்தில் தேடுங்கள். பழைய பேரேடுகள் முழுவதும் கணினியில் ஏற்றப்படாததால் "விவரம் இல்லை" என்றே பெரும்பாலும் வரும். அதனால் மனம் தளர வேண்டாம். உரிய அலுவலகத்துக்கு, பென்சில் பிரிண்டையும் அடையாளச் சான்றையும் இணைத்து, பி ரிஜிஸ்டர், அதாவது அலுவலகப் பதிவுப் பேரேட்டின் நகல் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். என் முதல் விண்ணப்பத்தில் எஞ்சின் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, சேஸிஸ் எண்ணை எழுத மறந்ததால் எனக்கு இரண்டு மாதம் வீணாயிற்று.

இதற்கிடையில் வண்டி திருட்டுப் பட்டியலில் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் வாகன் சமன்வய் சேவையில் சேஸிஸ், எஞ்சின் எண்களைக் கொடுத்துத் தடையின்மைச் சான்று எடுக்கலாம். புக் உங்கள் குடும்பத்திடம் இருந்து தொலைந்தது என்றால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிவு செய்து அச்செடுத்து வையுங்கள்.

நான்காம் படி: பதிவு கிடைத்துவிட்டால்

இனி இது சுங்கத்துறை வழக்கே அல்ல. சாதாரணப் பெயர் மாற்ற வேலை. பேரேட்டில் உள்ள உரிமையாளர் இறந்திருந்தால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31. உயிரோடு இருந்து விற்பவர் என்றால் படிவம் 29, 30. புக் நகலுக்குப் படிவம் 26. கேரளப் பதிவு என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெறப் படிவம் 28, இங்கே புதிய எண் பெறப் படிவம் 27. பதிவுக் காலம் முடிந்திருப்பதால் புதுப்பிக்கப் படிவம் 25. கணினியில் இல்லாத பழைய பதிவை மூல அலுவலகமே வாகன் என்ற கணினிப் பதிவுத் தளத்தில் ஏற்றித் தந்தால்தான் இவை அனைத்தும் நகரும், ஆகவே அதை முதலிலேயே கேட்டுப் பெறுங்கள். முந்தைய உரிமையாளர் எப்போதோ பதிவை ரத்து செய்திருக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கட்டணத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைக் கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய். அதே வண்டி இறக்குமதி ஆனது என்றால் 20,000 ரூபாய். வரி நிலுவை தனி.

ஐந்தாம் படி: இந்தியாவில் பதிவே ஆகாத வண்டி என்றால்

வளைகுடாவிலிருந்து வந்தது, கப்பலில் வந்தது என்று சொல்லப்படும் புதுக் காலத்து வண்டிகள் பெரும்பாலும் இந்த வகை. மத்திய மோட்டார் வாகன விதி 47, இறக்குமதி வண்டியின் பதிவுக்குப் படிவம் 20உடன் சுங்க அனுமதிச் சான்றையும் கேட்கிறது. அதன் அடிப்படை பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சரக்கு துறைமுகத்துக்கு வந்தபோது இறக்குமதியாளர் சுங்கத்துறையில் தாக்கல் செய்த ஆவணம். அது தொலைந்திருந்தால், இறக்குமதியாளர் பெயர், துறைமுகம், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற விவரங்களோடு அந்தத் துறைமுகத்தின் சுங்க இல்லத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம்.

விற்பவர் சொல்லும் கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பழைய வண்டியை இறக்குமதி செய்வதற்கான பொது விதியில், அது செய்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது; மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். பத்து ஆண்டு ஓடிய ஜப்பான் வண்டி தூத்துக்குடியில் இறங்கியது என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வதில் எது பொய் என்று ஆராயாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

வண்டி ஏற்கனவே உங்கள் கையில் இருந்து, சுங்கத்தில் எந்தத் தடயமும் இல்லை என்றால், போக்குவரத்து அலுவலகத்தால் உங்களுக்கு உதவ முடியாது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவின் கீழ் அது பறிமுதலுக்கு உரிய பொருள். 125ஆம் பிரிவின் கீழ் அபராதம் கட்டி மீட்க வழி உண்டென்றாலும், அந்த முடிவு அதிகாரியுடையது. சுங்க வழக்கு நடத்தும் வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்த அலுவலகத்திலும் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். வண்டியின் மதிப்பைவிடச் செலவு கூடும் என்றால் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

ஆறாம் படி: 50 ஆண்டு கடந்த வண்டிக்கு இன்னொரு வழி

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 81ஏ முதலான பிரிவுகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவில் பேணப்பட்ட வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்ய இடம் தருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் வரும். முன்பே பதிவானது தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இங்கும் பழைய புக்கோ பில் ஆஃப் என்ட்ரியோ வேண்டும் என்பதால், ஆவணத் தேடலிலிருந்து இந்த வழி விடுதலை தராது. அன்றாடம் ஓட்டவும் அனுமதி இல்லை. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். ஞாயிறுதோறும் சுசீந்திரம் வரை ஓட்டிப் போக ஆசைப்படுபவர் சாதாரணப் புதுப்பித்தலையே நாட வேண்டும். நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

ஏழாம் படி: ஆய்வு நாள்

பதிவு செல்லுபடியாகாத வண்டியை அலுவலகம் வரை ஓட்டிப் போவதும் குற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஆம் பிரிவில் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. குட்டியானை பிடித்து ஏற்றிச் செல்லுங்கள். எஞ்சின், சேஸிஸ் எண்களை வைத்து மூன்றாம் நபர் காப்பீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். பழைய வண்டி என்று தனியார் நிறுவனங்கள் தயங்கினால் பொதுத்துறை நிறுவனங்களில் கேளுங்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் முதலில் எண்களைத்தான் பார்ப்பார். ஒரு துண்டுத் துணியும், கொஞ்சம் மண்ணெண்ணெயும், சிறிய டார்ச் விளக்கும் கையில் இருக்கட்டும். எங்கள் வண்டியில் அவர் கழுத்துப் பகுதியைத் துடைத்துப் பார்த்து, நான் கொடுத்த பென்சில் பிரிண்டையும் திருவனந்தபுரத்திலிருந்து வந்த நகலையும் மாறி மாறி ஒப்பிட்டு, எல்லாம் சரி என்று தலையசைத்தார். பிறகு பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு. கடைசியாக ஹாரனை அடிக்கச் சொன்னார். ஆறு வோல்ட் பேட்டரி காலையிலேயே இறங்கிப் போயிருந்தது. அடுத்த வாரம் மறுபடியும் குட்டியானைக்கு வாடகை கொடுத்து வந்தோம்.