ஆபீஸ் டார்ச்சரும் மென்டரிங்கும்: நல்ல எண்ணத்துல பண்ற தப்புகள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் நிறைய ஐடி கம்பெனில மென்டரிங் ப்ரோக்ராம்னு ஒண்ணு ஓடிட்டிருக்கு. புதுசா சேர்றவங்களை ஒரு சீனியரோட கோத்து விடுவாங்க, மாசம் ஒரு காபி, கடைசில ஒரு ஃபீட்பேக் ஃபார்ம், முடிஞ்சுது. இதையே டீம்ல நடக்கற புல்லியிங்கைத் தடுக்கவும் யூஸ் பண்ணலாம், ஒழுங்கா பண்ணா நல்லாவே வேலை செய்யும், ஏன்னா மேனேஜர் டார்ச்சர் பண்றாருன்னு யாரும் எடுத்த உடனே ஹெச்ஆருக்கு மெயில் தட்ட மாட்டாங்க, நம்பிக்கையான ஒரு ஆள்கிட்டதான் முதல்ல புலம்புவாங்க. ஆனா அந்த ஆள் சொதப்பினா கதை இன்னும் மோசமாயிடும்.

இருக்கறதுலயே பெரிய தப்பு, மென்டரை அதே ரிப்போர்ட்டிங் லைன்ல இருந்து போடறது. டீம் லீடையே மென்டரா போட்டுட்டு "எதுவா இருந்தாலும் அவர்கிட்ட மனசு விட்டுப் பேசும்மா"ன்னா அந்தப் பொண்ணு யாரைப் பத்தி யார்கிட்ட பேசறது? ரேட்டிங் போடறதும் அவரு, லீவ் அப்ரூவ் பண்றதும் அவரு. வேற ப்ராஜெக்ட், வேற மேனேஜர், முடிஞ்சா வேற பில்டிங்ல இருந்து ஆள் போடுங்க. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்ல 30 பேர் வேலை பாக்கற யூனிட்னா கஷ்டம்தான், அங்க ஓனரோட மச்சானே சூப்பர்வைசரா உக்காந்திருப்பாரு. அந்த மாதிரி இடத்துல வெளி ஆளைத்தான் பிடிக்கணும், ரிட்டையர் ஆன சீனியர் யாராவது, இல்ல அதே தொழில்ல வேற கம்பெனில இருக்கறவங்க.

அடுத்தது "நாங்க படாததா" டைப். ஜூனியர் தயங்கித் தயங்கி வந்து, "தினமும் காலைல நடக்கற ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல என் டர்ன் வந்தா மட்டும் லீட் 'ம்ம், நெக்ஸ்ட்'னு தாண்டிடறாருக்கா, டீம் வாட்ஸ்அப் க்ரூப்ல கூட நான் மட்டும் இல்ல"ன்னு சொல்லுது. அதுக்கு மென்டர் அக்கா, "அட அவரு அப்படித்தான்மா, வாய்தான் ஜாஸ்தி, மனசு தங்கம், நாங்க ஃப்ரெஷரா இருந்தப்பல்லாம் ஃபைலைத் தூக்கி மூஞ்சில எறிவாங்க"ன்னா, அதோட சரி, அந்தப் பொண்ணு திரும்ப வாயே திறக்காது. அட்வைஸை மூட்டை கட்டி வெச்சுட்டு மூணு கேள்வி கேளுங்க: எப்ப இருந்து நடக்குது, அப்ப கூட யார் யார் இருந்தாங்க, உனக்கு இதுல என்ன நடக்கணும்னு தோணுது. இந்த மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஒருத்தருக்கு டீம் மாறினா போதும், ஒருத்தருக்கு அந்த ஆள் நிறுத்தினா போதும், இன்னொருத்தர் கம்ப்ளெய்ன்ட் குடுக்கவே ரெடியா இருப்பாங்க, அதை மென்டர் முடிவு பண்ணக் கூடாது. அதுக்காக எல்லாத்தையும் புல்லியிங்னு முத்திரை குத்தவும் வேணாம், சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்னிக்கு டென்ஷன்ல ஒரு தடவை கத்தினது வேற, ஒரே ஆளைக் குறி வெச்சு வாராவாரம் அசிங்கப்படுத்தறது வேற.

எழுதி வெக்கச் சொல்லாம விடறதும் தப்புதான். "செவ்வாய்க்கிழமை, 10 மணி கான்ஃபரன்ஸ் கால், லைன்ல எட்டு பேர், 'உன்னை எவன் இன்டர்வியூ எடுத்தான்'னு கேட்டார்", இந்த மாதிரி ஒரு வரி போதும், அன்னிக்கே எழுதணும். ஆனா ஆபீஸ் மெயிலை அப்படியே சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் பண்ணச் சொல்லிடாதீங்க, நிறைய கம்பெனி பாலிசில அதுவே குத்தம், அப்புறம் அதை வெச்சே ஆளை வெளிய அனுப்பிடுவாங்க.

பஞ்சாயத்து பண்ற மென்டர் இன்னொரு ரகம். "வாங்க, மூணு பேரும் உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்"னு ஒரு மீட்டிங் ரூம் புக் பண்ணிடுவாரு. சம அந்தஸ்துல இருக்கற ரெண்டு பேருக்கு நடுவுல மனஸ்தாபம்னா ஓகே. இங்க ஒருத்தர் கையில இன்னொருத்தரோட வேலை இருக்கு, ரூம்ல சிரிச்சுப் பேசிட்டு வெளிய வந்த உடனே "என்னையே போட்டுக் குடுக்கறியா"ன்னு ஆரம்பிப்பாரு. விசாரிச்சுத் தீர்ப்பு சொல்றது மென்டர் வேலை இல்ல.

சட்ட விஷயத்துல கோட்டை விடறதுதான் என்னைக் கேட்டா மன்னிக்கவே முடியாதது. காலேஜ் ராகிங்குக்குத் தமிழ்நாட்டுல 1997லயே தனிச் சட்டம் வந்துடுச்சு, ஆபீஸ் புல்லியிங்குக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது, பெரும்பாலும் கம்பெனி பாலிசிதான் கதி. ஆனா ஒரு பெண்ணுக்கு நடக்கற தொல்லை பாலியல் ரீதியானதுன்னா 2013ல வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கு, 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பாக்கற இடத்துல இந்தப் புகாரை விசாரிக்க இன்டர்னல் கமிட்டி கட்டாயம், அதுக்குக் கீழன்னா மாவட்ட லோக்கல் கமிட்டி. கடைசியா நடந்ததுல இருந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல புகார் குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா கமிட்டி இன்னும் 3 மாசம் வரைக்கும் நீட்டிக்கலாம். "அவசரப்படாத, பாத்துக்கலாம்"னு நாலு மாசம் காபி வாங்கிக் குடுத்த மென்டர், நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டே அந்த டைமைக் காலி பண்ணிடறாரு. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருத்தரை நாலு பேர் முன்னாடி சாதிப் பேர் சொல்லித் திட்டினா 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும், அது போலீஸ் ஸ்டேஷன் விஷயம், மென்டரிங் விஷயமே இல்ல.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுக்கறதையும் நிறுத்துங்க. உசிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும்னு முதல் நாளே தெளிவா சொல்லிடணும். தூக்கமே இல்ல, இருந்து என்ன பண்ணப் போறேன்னு பேச்சு வந்தா நீங்களே கவுன்சலிங் பண்ண உக்காராதீங்க. அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலிமனஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், பக்கத்துல இருந்து போன் போட்டுக் குடுங்க.

கடைசியா டார்ச்சர் பண்ற ஆள். நல்லா ப்ரோக்ராம் எழுதினாருன்னு ஒருத்தரைத் திடீர்னு லீட் ஆக்கிடறாங்க, ஆளை எப்படி மேய்க்கறதுன்னு யாரும் சொல்லித் தரல, அவரு தன்னோட பழைய மேனேஜரைப் பாத்து அப்படியே பண்றாரு. அந்த ஸ்டேஜ்லயே அவருக்கும் ஒரு மென்டர் போட்டா பாதி பிரச்சனை வராது. ஆனா விசாரணைல தப்புன்னு நிரூபணம் ஆன பிறகும் "க்ளையன்ட் அவரைத்தான் கேக்கறாங்க"ன்னு நடவடிக்கைக்குப் பதிலா மென்டரிங்குக்கு அனுப்பறது சுத்தக் கண்துடைப்பு. பாவம் புகார் குடுத்த பொண்ணை மட்டும் வேற ப்ராஜெக்டுக்கு மாத்தி விடுவாங்க. அப்படி அவரை அதே சீட்ல விட்டு வெக்கறதா இருந்தா, அந்த டீம்ல அடுத்து யார் சேர்ந்தாலும் முதல் வாரத்துலயே வெளி டீம் மென்டர் ஒருத்தரைப் போட்டுடணும், இதை ஹெச்ஆர்கிட்ட எழுத்துலயே கேட்டு வாங்கிடுங்க.