பீட்டில் காரில் கியர் லீவர் கோணலாக நின்றால்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இரண்டாவது கியர் போடப் போகும்போது ரிவர்ஸ் பற்கள் கரகரக்கும். அல்லது நியூட்ரலிலேயே லீவர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இதற்குச் சிலர் லீவர் தண்டையே வளைத்துவிடுகிறார்கள். தண்டு வளைந்ததால் வந்த கோளாறு இது அல்ல, ஆகவே வளைத்தும் தீராது. பின்னால் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே இருக்க, அடுத்து வருபவருக்கு வளைந்த தண்டு ஒன்று கூடுதலாகச் சேரும்.

இந்தக் காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பின்னால் இருக்கின்றன, லீவர் முன்னால் இருக்கிறது. லீவரின் அடிமுனை ஒரு உருண்டை. காரின் தரை நடுவே நீளவாக்கில் ஓடும் டன்னல் என்ற குழல் போன்ற பகுதிக்குள் நீளமான ஷிப்ட் ராடு ஒன்று உண்டு, அதிலுள்ள கிண்ணத்தில் இந்த உருண்டை உட்காரும். ராடைத் தாங்குவது ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது ராடு நுழைந்து செல்லும் வளையம். ராடின் பின்முனை, பின் சீட்டுக்கு அடியில், ரப்பர் கப்ளிங் என்ற இணைப்பு வழியாகக் கியர்பாக்ஸின் ஷாஃப்ட்டோடு சேர்கிறது. லீவரைப் பக்கவாட்டில் அசைத்தால் ராடு சுழலும். முன்பின் தள்ளினால் ராடு நகரும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறு எங்கே என்று பாதி பிடிபட்டுவிடும்.

லீவர் மேல்பக்கம் நீளம், அடிப்பக்கம் குட்டை. அதனால் கீழே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் குமிழில் அது பல மில்லிமீட்டராகத் தெரியும். எனவே சோதனையைப் பின்னாலிருந்து முன்னால் வரச் செய்ய வேண்டும். லீவருக்கு அடியில் ரிவர்ஸுக்குத் தடையாக இருக்கும் அடித்தட்டைச் சரிசெய்வது கடைசி வேலை. அதை முதலில் தொட்டால், தேய்மானத்துக்கு ஏற்ப அட்ஜஸ்ட் செய்ததாக ஆகும். பிறகு புது புஷ் போட்டதும் எல்லாம் மறுபடி மாறிவிடும்.

இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சீட்டைத் தூக்குங்கள். பேட்டரியும் அங்கேதான், வலது பக்கம். பேட்டரி மூடி இல்லாத கார்களில் சீட்டின் ஸ்பிரிங் டெர்மினலில் பட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டே வேலை தொடங்குங்கள். டன்னலின் பின்பகுதியில் ஒரு சிறு மூடித் தகடு இருக்கும். அதைக் கழற்றினால் கப்ளிங் தெரியும். ஒருவர் முன்னால் உட்கார்ந்து லீவரை மெல்ல அசைக்க, நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். லீவர் அசைந்தும் ராடு அசையத் தாமதித்தால் ஆட்டம் முன்பக்கம்: புஷ், உருண்டை அல்லது கிண்ணம். ராடு உடனே அசைந்தும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் தாமதித்தால் கோளாறு கப்ளிங்கில்.

கப்ளிங்கை ஷாஃப்ட்டோடு பிடித்து வைப்பது சதுரத் தலை ஸ்க்ரூ. அதன் நுனி ஷாஃப்ட்டிலுள்ள சிறு குழியில் கச்சிதமாக இறங்க வேண்டும். லீவர் கோணலாக நிற்பதற்குப் பலர் கவனிக்கத் தவறும் காரணம் இதுதான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது ஸ்க்ரூ குழியைத் தவறவிட்டு ஷாஃப்ட்டின் மேல்பரப்பிலேயே முறுக்கப்பட்டிருந்தால், ராடு சில டிகிரி திரும்பிய நிலையில் நிற்கும். முன்னால் எந்தத் தட்டை நகர்த்தினாலும் அது நேராகாது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கப்ளிங்கை லேசாகச் சுழற்றி, குழி தட்டுப்படுவதை விரலில் உணர்ந்த பிறகே முறுக்குங்கள். தலையிலுள்ள துளையில் புதுக் கம்பி கோத்து, ஸ்க்ரூ இறுகும் திசையில் இழுத்துப் பிடிக்கும்படி கப்ளிங்கில் கட்டுங்கள். பழைய கம்பியைத் திரும்ப முறுக்கினால் உடையும். அந்த ஸ்க்ரூ ஓட்டத்தில் கழன்றால் லீவர் எந்தக் கியருக்கும் போகாது, வண்டி நடுவழியில் நின்றுவிடும். கப்ளிங்கின் ரப்பர் வெடித்திருந்தாலோ எண்ணெயில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தாலோ முழுதாக மாற்றுங்கள். கெட்டியான யூரிதேன் கப்ளிங்கும் கிடைக்கிறது. அதில் கியர் துல்லியமாக விழும், ஆனால் கியர்பாக்ஸின் இரைச்சல் லீவர் வரை வரும். தினசரி ஓட்டும் காருக்கு ரப்பரே நல்லது.

காஸ் கொடுக்கும்போதும் விடும்போதும் லீவர் தானாக முன்பின் போய்வந்தால், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

இனி முன்பக்கம். நியூட்ரலில் வைத்து, தரைவிரிப்பை விலக்கி, லீவரின் அடியிலுள்ள ரப்பர் உறையை மேலே தள்ளுங்கள். 13 எம்எம் ஸ்பேனரில் கழலும் போல்ட்டுகள் இரண்டு இருக்கும். கழற்றும் முன் லீவர் ஹவுசிங் (லீவரைத் தாங்கும் கூடு), அடித்தட்டு இரண்டின் விளிம்பையும் கூரான ஆணியால் டன்னலில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். தட்டு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இடதுபக்க ஸ்டியரிங் காரில் தட்டின் மேல்நோக்கி மடிந்த விளிம்பு வலது பக்கம் வர வேண்டும். திருப்பிப் போடப்பட்ட தட்டுகள் நிறைய கார்களில் உண்டு.

டன்னலுக்குள் பெட்ரோல் குழாயும் கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களும் ஓடுகின்றன. ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் துழாவக் கூடாது.

ராடைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் புஷ் போய்விட்டது. ராடைப் பின்னால் கப்ளிங்கிலிருந்து விடுவித்துத்தான் புது புஷ் போட முடியும். புஷ்ஷின் உள்பக்கம் தாராளமாக கிரீஸ் தடவுங்கள். லீவரின் உருண்டை தட்டையாகத் தேய்ந்திருந்தாலும், தட்டின் மடிப்பில் பள்ளம் விழுந்திருந்தாலும் மாற்றுங்கள். ரிவர்ஸுக்குத் தடையாக நிற்பது அந்த மடிப்புதான். லீவரைக் கீழே அழுத்தி, இடது பக்கம் தள்ளி, பின்னால் இழுத்தால் மட்டுமே ரிவர்ஸ் விழ வேண்டும்.

கிண்ணத்திலும் உருண்டையிலும் கிரீஸ் வைத்து, தட்டு, ஸ்பிரிங், லீவர் என்ற வரிசையில் இறக்குங்கள். லீவரிலுள்ள சிறு முளை ஹவுசிங்கின் வெட்டில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, இரண்டாவது கியரில் போடுங்கள். பற்கள் சேராவிட்டால் பலவந்தம் வேண்டாம். காரைச் சற்றே உருட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது லீவர் பக்கவாட்டில் நேராகவும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது சற்றே பின்சாய்வாகவும் நிற்கும்படி ஹவுசிங்கை நகர்த்தி முறுக்குங்கள்.

பிறகு நான்கு கியரையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். அழுத்தாமலேயே ரிவர்ஸ் விழுந்தால், இடதுபக்க ஸ்டியரிங் காரில் தட்டு அளவுக்கு மீறி வலப்பக்கம் இருக்கிறது. முதல், இரண்டாம் கியர்கள் சிக்கினால் இடப்பக்கம் அதிகம். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

இன்ஜின் ஓடாதபோது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் லீவரை விட்டுவிட்டு கிளட்ச் கேபிளைப் பாருங்கள். பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும்.