கான்ஃபெடரேஷன் கோப்பை வரலாற்றுப் பட்டியலைத் தப்பில்லாமல் போடுவது எப்படி?

ஆப்பிரிக்கக் கிளப் கால்பந்தில் சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த படியில் இருப்பது காஃப் (ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு) கான்ஃபெடரேஷன் கோப்பை. 2004இல் பிறந்த போட்டி. 2024-25 வரை நடந்தவை 22 பருவங்கள்தான். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் பட்டியல், இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். கட்டுரைக்கோ விக்கிப்பீடியாவுக்கோ வினாடி வினாவுக்கோ இதைத் தொகுக்க உட்கார்ந்தால்தான் தெரியும். பெயர் மாறியிருக்கும், நாட்காட்டி மாறியிருக்கும், இறுதி ஆட்டத்தின் வடிவம் இரண்டு முறை மாறியிருக்கும். தப்பு வருவதெல்லாம் இந்த ஒட்டுப் போட்ட இடங்களில்தான். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும்.

பெயரைப் பிரித்துவையுங்கள்

தேடலில் முதலில் வந்து குழப்புவது ஃபிஃபாவின் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை. அது தேசிய அணிகளுக்கானது, 2017இல் ரஷ்யாவில் நடந்ததோடு நின்றுபோனது. நமக்கு வேண்டியதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அடுத்த குழப்பம் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. 1975 முதல் 2003 வரை உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்காக ஆப்பிரிக்கக் கோப்பை வெற்றியாளர் கோப்பை நடந்தது. முதலில் வென்றது கேமரூனின் டொனேர் யாவுண்டே, கடைசியில் வென்றது துனிசியாவின் எத்வால் டு சாஹேல். இதற்குப் பக்கத்திலேயே 1992 முதல் 2003 வரை ஓடியது காஃப் கோப்பை. நைஜீரியத் தொழிலதிபர் மொஷூத் அபியோலாவின் பெயரைத் தாங்கிய கோப்பை அது. முதல் வெற்றியாளர் நைஜீரியாவின் ஷூட்டிங் ஸ்டார்ஸ், கடைசி வெற்றியாளர் மொராக்கோவின் ராஜா காசபிளாங்கா. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் 2004இல் கான்ஃபெடரேஷன் கோப்பையை உருவாக்கினார்கள்.

அப்படியானால் 2003க்கு முன்னால் ‘இரண்டாம் நிலை’ எது? கோப்பை வெற்றியாளர் கோப்பைதான். காஃப் கோப்பை மூன்றாம் நிலை. ஆகவே மூன்றுக்கும் மூன்று தனித் தாள்கள் போடுங்கள். ஒரே தாளில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு எத்வால் ஒன்றே போதும். கோப்பை வெற்றியாளர் கோப்பையை 1997, 2003இலும், காஃப் கோப்பையை 1995, 1999இலும், கான்ஃபெடரேஷன் கோப்பையை 2006, 2015இலும் வென்ற கிளப் அது. கலந்து எண்ணினால் ஆறு, சரியாக எண்ணினால் இரண்டு. 2000, 2001, 2002 என்று மூன்று முறை தொடர்ந்து காஃப் கோப்பையை வென்ற அல்ஜீரியாவின் ஜேஎஸ் கபிலிக்குக் கான்ஃபெடரேஷன் கோப்பைக் கணக்கில் ஒன்றுகூட இல்லை. 2021 இறுதிவரை வந்து ராஜாவிடம் தோற்றார்கள்.

பெயரின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் ‘டோட்டல்’ போன்ற சொற்கள் விளம்பரதாரர் பெயர்கள். அவற்றை வெட்டிவிடுங்கள், போட்டி அதேதான்.

அட்டவணைக்கு என்னென்ன கட்டங்கள்?

இறுதி பெரும்பாலும் இரண்டு ஆட்டங்கள்: முதல் ஆட்டம் ஓர் அணியின் மைதானத்தில், மறு ஆட்டம் மற்ற அணியின் மைதானத்தில். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ பத்துக் கட்டங்கள் போதும்: பருவம், முதல் ஆட்டத்தின் தேதி, மறு ஆட்டத்தின் தேதி, முதல் ஆட்டம் நடந்த ஊர், வென்ற கிளப், அதன் நாடு, தோற்ற கிளப், முதல் ஆட்ட முடிவு, மறு ஆட்ட முடிவு, தீர்மானமான விதம். கடைசிக் கட்டத்தில் ‘மொத்த கோல்’, ‘வெளியூர் கோல்’, ‘பெனால்டி’, ‘ஒற்றை ஆட்டம்’ ஆகிய நான்கில் ஒன்றுதான் வர வேண்டும்.

பருவத்தையும் தேதியையும் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் பருவமே அதற்குச் சாட்சி. 2004 கோப்பையின் இறுதியில் இரண்டு கானா கிளப்புகள் மோதின: அக்ராவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், குமாசியின் அசாந்தே கொட்டோக்கோ. இரண்டு ஆட்டங்களும் 1-1. மறு ஆட்டம் குமாசியில் நடந்தபோது 2005 ஜனவரி பிறந்துவிட்டது. கொட்டோக்கோவின் சொந்த மண்ணிலேயே ஹார்ட்ஸ் 8-7 என்று பெனால்டியில் வென்றது. தேதியை மட்டும் பார்த்து 2005 என்று எழுதினால், அந்த ஆண்டுக்கு உரிய மொராக்கோவின் எஃப்ஏஆர் ரபாத் இடமில்லாமல் நிற்கும்.

2018இல் பள்ளம் இன்னும் ஆழம். அதுவரை ஆண்டின் தொடக்கத்தில் தொடங்கி இறுதியில் முடிந்த போட்டியைக் காஃப் ஐரோப்பிய பாணிப் பருவத்துக்கு மாற்றியது. 2018 கோப்பையின் இறுதி நவம்பர், டிசம்பரில் நடந்தது. ராஜா, கின்ஷாசாவின் ஏஎஸ் வீட்டாவை 3-0, 1-3 என்று மொத்தம் 4-3 கணக்கில் வென்றது. அடுத்த பருவம் அதே குளிர்காலத்தில் தொடங்கி 2019 மே மாதம் முடிந்தது. எகிப்தின் ஜமாலெக் மொராக்கோவின் பெர்கானை 0-1, 1-0, பெனால்டியில் 5-3 என்று தாண்டியது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு சாம்பியன்கள். 2018, 2018-19 என்று இரண்டு வரிசைகள் கட்டாயம் வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மொத்தம் 21 என்று வரும், எங்கே போனது என்று தேடி அலுத்துப்போவீர்கள்.

2019-20 பருவமும் இப்படித்தான். கொரோனாவால் தள்ளிப்போய், இறுதி 2020 அக்டோபர் 25 அன்று ரபாத்தில் நடந்தது. பெர்கான் 1-0 என்று பிரமிட்ஸை வென்றது. அது 2020-21 அல்ல.

வெளியூர் கோல் கணக்கு

அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். மொத்த கோல் சமமாக இருந்தால், எதிரணியின் மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்குக் கோப்பை. 2014ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அபிஜானில் ஐவரி கோஸ்ட்டின் செவே ஸ்போர் 2-1 என்று வென்றது. கெய்ரோவில் கூடுதல் நிமிடங்களில் இமாத் மொத்தேப் போட்ட ஒரே கோலில் அல் அஹ்லி 1-0. மொத்தம் 2-2. வெளியூரில் அல் அஹ்லிக்கு ஒன்று, செவேக்குச் சுழியம். கோப்பை கெய்ரோவுக்கு, அதுவும் எகிப்துக்கு முதல்முறையாக.

இதே கணக்கில் தீர்ந்தவை இன்னும் நான்கு: 2006 (எத்வால், ரபாத்தில் 1-1, சூஸில் 0-0), 2008 (துனிசிய அணிகள் இரண்டு, ஸ்ஃபாக்ஸில் 0-0, சூஸில் 2-2, ஸ்ஃபாக்ஸியனுக்குக் கோப்பை), 2022-23 (அல்ஜீரியாவின் யுஎஸ்எம் அல்ஜேர், தார் எஸ் சலாமில் யங் ஆப்பிரிக்கன்ஸை 2-1 என்று வென்று, சொந்த ஊரில் 0-1 என்று தோற்றும் கோப்பையைத் தூக்கியது), 2023-24 (ஜமாலெக், பெர்கானில் 1-2 என்று தோற்று, கெய்ரோவில் 1-0 என்று வென்றது). இந்த ஐந்தையும் சரிபார்க்க ஒரே வழி, முடிவை எப்போதும் சொந்த மைதான அணியை முன்னால் வைத்து எழுதுவது. ‘வென்ற அணி முதலில்’ என்று சில வரிசைகளிலும் ‘சொந்த அணி முதலில்’ என்று சில வரிசைகளிலும் எழுதிவிட்டால் பிறகு எந்தக் கோல் எங்கே போட்டது என்று பிரிக்கவே முடியாது.

2019-20, 2020-21, 2021-22 மூன்றும் ஒற்றை ஆட்டம். ரபாத்தில் பெர்கான், பெனினின் கொட்டோனுவில் ராஜா (கபிலியை 2-1), நைஜீரியாவின் உயோவில் மறுபடி பெர்கான் (ஆர்லாண்டோ பைரேட்ஸுடன் 1-1, பெனால்டியில் 5-4). மறு ஆட்டக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ‘0-0’ என்று நிரப்பாதீர்கள். 2022-23 முதல் மீண்டும் இரண்டு ஆட்டங்கள்.

போட்டியின் வடிவம் மாறிய ஆண்டுகள்

‘அரையிறுதிக்கு எத்தனை முறை வந்தது’ என்று எண்ணும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள். 2004 முதல் 2008 வரை அரையிறுதியே இல்லை. எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு குழுக்கள், குழுவில் முதலிடம் பிடித்தவர்கள் நேராக இறுதிக்கு. அரையிறுதி வந்தது 2009இல். 2017இல் குழுச் சுற்று 16 அணிகளாகி, காலிறுதியும் சேர்ந்தது. இந்தக் கோடுகளைத் தாண்டி அரையிறுதி எண்ணிக்கையை ஒப்பிட்டால் பழைய கிளப்புகளுக்கு அநியாயம்.

சாம்பியன்ஸ் லீக்கில் வெளியேறிய அணி இங்கே இறங்கி ஆடும் ஏற்பாடும் நெடுநாள் இருந்தது. 2014இல் அல் அஹ்லி, 2016, 2017இல் ஜனநாயகக் காங்கோவின் மசெம்பே மூன்றும் அப்படி இறங்கி வந்து கோப்பையைத் தட்டிச்சென்றவை. இதைக் குறிக்க ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால், ‘இரண்டாம் நிலை’ என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

காஃப் தரவரிசையும் இதையே சொல்கிறது. சாம்பியன்ஸ் லீக் வெற்றிக்கு 6 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 5. கான்ஃபெடரேஷன் கோப்பை வெற்றிக்கும் 5, இரண்டாமிடத்துக்கு 4, அரையிறுதிக்கு 3, காலிறுதிக்கு 2, குழுவில் மூன்றாமிடத்துக்கு 1, நான்காமிடத்துக்கு 0.5. அண்மைப் பருவத்தை ஐந்தால், அதற்கு முந்தையதை நான்கால் என்று இறங்குமுகமாகப் பெருக்கி, ஐந்து பருவங்களைக் கூட்டுவார்கள். முதல் 12 நாடுகளுக்குத்தான் இரண்டு போட்டிகளிலும் தலா இரண்டு இடங்கள்.

கிளப் பெயர்களில் வழுக்கும் இடங்கள்

ரபாத்தில் இருந்து இரண்டு சாம்பியன்கள்: 2005 எஃப்ஏஆர், 2010 எஃப்யுஎஸ். இரண்டும் வேறு கிளப்புகள். காங்கோ இரண்டு நாடுகள்: 2012 லெயோபார், பிரசாவில்லைத் தலைநகராகக் கொண்ட காங்கோவின் டோலிசி நகர அணி. மசெம்பே, லுபும்பாஷியைச் சேர்ந்த ஜனநாயகக் காங்கோ கிளப். நாட்டுக் கட்டத்தில் வெறுமனே ‘காங்கோ’ என்று எழுதினால் கூட்டுத்தொகை தவறும். ‘எத்வால்’ சூஸ் நகரத்தது, ‘எஸ்பெரான்ஸ்’ துனிஸ் நகரத்தது. ஒரு கிளப்புக்கு ஒரே தமிழ் எழுத்துக்கூட்டல் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ‘ஸ்ஃபாக்ஸியன்’, ‘ஸ்பாக்சியன்’ என்று இரண்டு விதமாக எழுதினால் கணினி இரண்டு கிளப்பாக எண்ணும்.

கூட்டிப் பார்த்துச் சரிபார்த்தல்

2024-25 வரை நாடுவாரியாக வர வேண்டிய எண்ணிக்கை: மொராக்கோ 8, துனிசியா 5, எகிப்து 3, ஜனநாயகக் காங்கோ 2, கானா, மாலி, காங்கோ, அல்ஜீரியா தலா 1. மொத்தம் 22. கிளப்வாரியாக ஸ்ஃபாக்ஸியனும் பெர்கானும் தலா 3, எத்வால், ராஜா, ஜமாலெக், மசெம்பே தலா 2, மற்ற எட்டுக் கிளப்புகளுக்குத் தலா 1. இரண்டு வழியிலும் 22 வராவிட்டால் 2004, 2018, 2019-20 வரிசைகளை முதலில் பாருங்கள்.

ஆடாத ஆட்டங்களை ஆடியவற்றோடு சேர்க்காதீர்கள். 2023-24 அரையிறுதியில் பெர்கான் சட்டையில் இருந்த மொராக்கோ வரைபடத்தால் எழுந்த தகராறில் யுஎஸ்எம் அல்ஜேருடனான இரண்டு ஆட்டங்களும் நடக்கவில்லை. முதல் ஆட்டம் பெர்கானுக்கு 3-0 என்று அளிக்கப்பட்டது. அந்த மூன்றையும் கோல் எண்ணிக்கையில் கூட்டக் கூடாது, பக்கத்தில் ‘அளிக்கப்பட்டது’ என்று குறியுங்கள்.

கடைசிச் சோதனை சூப்பர் கோப்பை. கான்ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணி அடுத்ததாகச் சாம்பியன்ஸ் லீக் வெற்றியாளரோடு சூப்பர் கோப்பையில் ஆடும், எனவே அந்தப் பட்டியலை உங்கள் பட்டியலோடு வரிசையாக ஒட்டிப் பார்க்கலாம். 2004 வரை அந்த இடத்தில் நின்றது கோப்பை வெற்றியாளர் கோப்பையின் சாம்பியன், காஃப் கோப்பைக்கு அங்கே இடமே இருந்ததில்லை. 2021இல் மட்டும் மே, டிசம்பர் என்று இரண்டு சூப்பர் கோப்பைகள். இரண்டையும் அல் அஹ்லி வென்றது, எதிரணிகள் பெர்கானும் ராஜாவும்.